அம்மா தண்ணீர் குடித்த நாள்

போன தவக்காலத்தில் என் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

வீட்டில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்திருந்தது. ஒப்பரேஷன் முடிந்தும் கட்டிலை விட்டு அசைய முடியாது. படுக்கையில் வைக்கும் பெட்பானை முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க அவருக்கு வெட்கம்.

“குடிச்சாத்தானே கேக்கோணும்,” என்று வாயை மூடிக்கொண்டார்.

காய்ச்சல் ஏறியது. இப்படியே விட்டால் கிட்னி பழுதாகும் என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். நான் என்ன செய்ய? அது பெண்கள் வார்டு. துணைக்குப் பெண்தான் நிற்கலாம். எனக்கு அக்கா தங்கை கிடையாது.

“மல்லி, டைம் இவரய்,” என்று, பார்வை நேரம் முடிந்ததைச் சிங்களத்தில் சொல்லி, செக்யூரிட்டிக்காரர் என்னை வெளியே அனுப்பினார்.

ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதியும் என்னோடு ஒத்துவரவில்லை. செபமும் அப்படித்தான். இருந்தாலும் கேற்றடியில் நின்று கேட்டேன்: “ஆண்டவரே, ஒரு பொம்பிளையை அனுப்பும். கனடா மாமியெண்டா நல்லம்.”

மாமி வாட்ஸ்அப்பில் ஒரு செபம் அனுப்பினார்.

ஞாயிறு பூசையில் ஃபாதர் அம்மாவுக்காகச் செபிக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை, கையில் பையும் ஃபிளாஸ்க்குமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் ஜெசிந்தா அக்கா. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கோயில் தரையைச் சனிக்கிழமைதோறும் கழுவுபவர். ‘பினைல் அக்கா’ என்று பட்டம் வைத்ததே நான்தான். அவர் வாளி தூக்கி நடப்பதைப் போல நடந்து காட்டி, பொடியன்களைச் சிரிக்க வைப்பேன்.

“நீங்களா அக்கா?”

“ஏன், பினைல் மணக்குதோ?”

நான் குனிந்து அவர் கையிலிருந்த பையைப் பிடித்தேன்.

“பையை விட்டிட்டுப் போய்த் தம்பிலி இளநீர் ரெண்டு வாங்கிக்கொண்டு வா. வேலைக்கு இந்தக் கிழமை முழுக்க லீவு சொல்லிட்டன்.”

அன்று பின்னேரம் போனபோது ஒரு தம்பிலி காலியாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்தார்.

“அவ முகம் சுழிக்கேல்லையடா. கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பெட்பானைக் கழுவினவ.”

வெளியே வந்து அழுதேன். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன செய்யோணும்?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை வா. கடைசி வாங்குக்குக் கீழ குனிய என்ர முதுகு விடுதில்லை.”

இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் கோயிலில் அந்த வாங்குப் பெஞ்சுகளுக்குக் கீழே தவழ்கிறேன். அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும் சூயிங்கம்மைச் சுரண்டுவதுதான் பெரிய பாடு. அதில் பாதி நான் ஒட்டியது. கைத்தடியோடு வந்து உட்காரும் அம்மா, “அங்க ஒண்டு விட்டிட்டாய்,” என்று காட்டுவார். பொடியன்கள் எனக்கும் பட்டம் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அன்பானவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், நிச்சயம் அனுப்புவார். ஆனால் யாரை அனுப்புவது என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கேட்டபடி கனடா மாமி வந்திருந்தால், அந்தச் சூயிங்கம் இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.