மூன்று சமையல்காரிகள் போட்ட மெஸ்

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து மெஸ் போட்டோம். நான், என் நாத்தனார், தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மூவருக்கும் தெரிந்தது ஒரே வேலை, சமையல். அதுதான் நம் பலம் என்று பெருமையடித்தவள் நான். மடச்சி!

அக்காவுக்குத்தான் அது வாழ்வா சாவா என்ற கதை. ராயகிரியில் புருஷன் அடித்த அடி தாங்காமல் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். "சீசன் முடியதுக்குள்ள உன் காலுல நிக்க வழியப் பாரு. இல்லேன்னா அவன்கூடயே போயிரு" என்று அண்ணன் கெடு வைத்துவிட்டார். மெஸ் நடந்தால் தனியாக ஓர் அறை எடுத்துப் பிள்ளையோடு இருந்துகொள்ளலாம் என்று நம்பினாள்.

அருவிக்கரையில் பழம் விற்கிற ஒருத்தி தானாகவே வந்து கேட்டாள். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் அவளுக்கு.

"என்னையும் சேத்துக்கிடுங்கக்கா. எனக்கு ஆக்கத் தெரியாது. குளிச்சிட்டுப் பசியோட வாற ஆளுகள நான் இங்கன கூட்டியாரேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்: "உலை வைக்கத் தெரியாதவளுக்கு எங்ககூட என்ன சோலி? ருசியிருந்தா ஆளு தானா வரும்." பழக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடை திறந்த அன்று நல்ல சாரல். ஆளுக்கொரு குழம்பு வைத்தோம். ஒருத்தி வைத்ததில் இன்னொருத்தியை உப்புப் பார்க்கக்கூட விடவில்லை. ஈர வேட்டியோடு ஆட்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். வெளியே போய், "சாப்பிட வாங்க" என்று சொல்ல ஒருத்திக்கும் நா எழவில்லை. தெருவில் நின்று அந்நிய ஆம்பிளைகளைக் கூப்பிடுவதா? "நீ போயேம்ட்டி" என்று நாத்தனார் என்னைத் தள்ளுவாள். நான் அக்காவைப் பார்ப்பேன். அவள் தலை குனிந்துகொள்வாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் மூவருக்கும் கை இருந்தது, வாய் இல்லை. தப்பித் தவறி வந்த ஒன்றிரண்டு பேரும், அடுப்படியை விட்டுப் பரிமாற யாரும் வராததால் எழுந்து போனார்கள்.

ஆடிப் பாதியில் மெஸ்ஸை மூடினோம். அண்ணன் மனம் இரங்கவில்லை. அக்காவையும் பிள்ளையையும் ராயகிரிக்கே பஸ் ஏற்றி அனுப்பினார். ஏறும்போது, "பிள்ளைய நெனச்சாத்தான் பயமா இருக்குட்டி" என்றாள். ஐயோ, என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கார்த்திகையில் அவள் இறந்துபோன செய்தி வந்தது. காய்ச்சல் என்றார்கள். எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை.

அடுத்த சீசனுக்கு முன்னால் பழக்காரி என் வீடு தேடி வந்தாள். சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போடுகிறாளாம்.

"அந்தப் பிள்ளக்கார அக்கா எங்க? அவுகதான் ஆக்கணும்னு கூப்பிட வந்தேன். பங்கும் தாரேன். பிள்ளையோட தங்கிக்கிட இடமும் இருக்கு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போன வருசமே வந்தேனேக்கா" என்றாள்.