ராசாவின் திறக்காத கண்

பருந்துச்சாமி கோயிலில் பெருக்குகிறவன் என்று கெனுவைக் கேலி செய்யாத ஆள் நெகென் ஊரில் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும், அவரவர் வாய். ஆனால் ஒரு காலத்தில் நைல் கரை முழுக்கத் தேடினாலும் அவன் கைக்கு ஈடாக இன்னொரு கை இல்லை. ராசா இடுப்பில் செருகும் தந்தப்பிடிக் கத்தியா, சாமிக்குக் கண்மை அரைக்கக் காணிக்கை வைக்கும் மைக்கல்லா, கூப்பிடு கெனுவை என்பார்கள். அப்படிப்பட்டவன் உளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோயில் மேலாள் உசெரின் காலில் விழுந்து விளக்குமாற்றைக் கேட்டு வாங்கினான் என்றால் சும்மாவா வாங்கியிருப்பான்?

எல்லாம் அவன் பெண்டாட்டி தெபெத்துக்காக. வடக்கே நாணல் சதுப்பிலிருந்து பாய் முடைய வந்தவள் அவள். அகல மூக்கு. சின்ன வயதில் தூண்டில் முள் மாட்டி இடது காது மடல் கிழிந்திருக்கும். ஊரே அவளை 'தவளைக்காரி' என்று சொன்னபோது, இவன் மட்டும் அவள் பாய்க்கடை முன்னால் தினமும் வந்து நின்றான். "இத்தனை பாய் வாங்கி என்னய்யா பண்றே? கழுதையையா படுக்க வைக்கிறே?" என்று கேட்டாள். கேட்டவள் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வடக்கத்தியாரை அடக்கிய வருஷம், ராசா ஒரு பெரிய மைக்கல் செய்யச் சொன்னார். கிழக்குப் பாலைவனத்திலிருந்து பச்சை கலந்த கறுப்புக் கல் வந்தது. நடுவில் கண்மை அரைக்க வட்டக் குழி. அதற்கு மேலே ராசா கல்தலைத் தடியை ஓங்கி நிற்பதாகச் செதுக்க வேண்டும். அவர் காலடியில் ஒரு சதுப்பு நாட்டான் மண்டியிட்டிருக்க, அவன் உச்சி முடி ராசாவின் இடக்கைப் பிடியில்.

கண் திறக்காதவரை கல் வெறும் கல். திறந்துவிட்டால் அதில் உள்ளது உள்ளபடி நடக்கும். பாம்பைச் செதுக்கினால்கூட நடுவில் ஒரு வெட்டுப் போட்டுத்தான் விடுவார்கள், இல்லாவிட்டால் நகர்ந்துவிடும். ராசாவின் கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். ஆனால் புதுத் துளைக்கோலின் முனையை எங்கேயாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? அதற்குத் தோற்றவன் கண் இருக்கிறது. அடி விழுவதை அவன் முன்னாலேயே பார்த்துக்கொள்ளட்டுமே என்று தொழில்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். கெனுவும் அப்படித்தான் ஒரு துளை போட்டான்.

அன்று மத்தியானம் ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்த தெபெத் கல்லைக் குனிந்து பார்த்தாள்.

"ஏய்யா, இது நான்ல?"

"உனக்குத் தாடி இருக்கா புள்ள?"

"தாடியை விடு. காதைப் பாரு."

பார்த்தான். கிழிந்த மடல். அகல மூக்கு. பாவி மனுஷன், அவனுக்குத் தெரிந்த சதுப்பு நாட்டு முகம் அது ஒன்றுதானே! கை தன்பாட்டுக்கு அதையே கொண்டுவந்திருந்தது. பக்கவாட்டு முகம் என்பதால் இருப்பதே ஒரு கண், அதையும் திறந்தாயிற்று.

தெபெத் சிரித்துக்கொண்டே திரும்பியவள், சட்டென்று உச்சந்தலையில் கையை வைத்தாள். "யாரோ முடியைப் பிடிக்கிறாப்ல இருக்குய்யா."

சாயங்காலம் அடுப்பு ஊத மண்டியிட்டவள் எழுந்திருக்கவில்லை. கெனு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மண்ணில் ஊன்றிய கம்பத்தைத் தூக்குவதுபோல் இருந்தது. அவள் உச்சியில் ஒரு பிடி முடி காற்றில்லாமலே மேல்நோக்கி நின்றது. அதைத் தடவப் போனவனின் விரல் வேறு ஏதோ விரல்களில் இடித்தது.

விடிந்ததும் அந்த முகத்தை அழித்துவிடலாம் என்று ஈரமணலை எடுத்துக் கல்லின் தாடையில் ஒரே ஒரு தேய்ப்புத் தேய்த்தான். வீட்டுக்குள்ளிருந்து தெபெத் அலறினாள். ஓடிப் பார்த்தால், அவள் தாடைத் தோல் உரிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

நேரே உசெரிடம் ஓடினான். "சாமி, இந்தக் கல் வேணாம். வேற கல்லுல செஞ்சு தர்றேன்."

"ராசா பேரைச் சொல்லி ஆரம்பிச்ச கல்லை வேணாங்கிறியா? தலை கழுத்துல நிக்கிறது பிடிக்கலையாடா உனக்கு?"

"எம் பொண்டாட்டி முகம் விழுந்துருச்சு சாமி. தடி இறங்கினா செத்துருவா."

உசெர் கெட்டவன் இல்லை, பயந்தவன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இதை நான் கேக்கலை, நீயும் சொல்லலை. போ," என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

ராசாவின் கண் திறக்கும்வரை தடி இறங்காது. இனி கெனுவிடம் இருந்தது அது ஒன்றுதான். அவன் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை. பச்சை மையைப் பிசினில் குழைத்து, துளை இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவு ஒட்டிவிட்டான். திருநாளன்று ராசா வந்தார், குழியில் மை அரைத்துச் சாமிக்குத் தீட்டினார், எல்லாரும் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். கல்லிலேயானாலும் ராசாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எவனுக்குத் துணிச்சல்? பிழைத்தாள் தெபெத்.

பிசின் காய்ந்தால் உதிரும். அதற்குத்தான் விளக்குமாறு. மழைக்கும் வெயிலுக்கும், வெள்ளம் வந்தபோதும் வடிந்தபோதும், தினமும் கோயிலைப் பெருக்கினான், விரல் நுனியில் மையை வைத்துக்கொண்டு. வீட்டில் தெபெத் மண்டியிட்டபடியே பாய் முடைந்தாள், மண்டியிட்டபடியே தூங்கினாள். அவனே அவளைக் குளிப்பாட்டினான், ஊட்டிவிட்டான்.

"பிடி தளர்ந்திருக்கா புள்ள?"

"எங்கே தளரும்? உன்னைவிட விடாக்கண்டனா இருக்கான்."

இருவர் தலையும் நரைத்தது. பழைய ராசா போய் அவர் மகன் வந்தார். அந்த வருஷத்து வெள்ளத்தில் கெனுவுக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் போயிற்று. உசெர், அவனும் கிழவனாகிவிட்டான், ஒரு ஜாடி பீருடன் பார்க்க வந்தான்.

"சீக்கிரம் எந்திரிடா. நீ இல்லாம கோயில்ல ஒரே தூசி. பெரிய மைக்கல்லுல ராசா கண்ணே உதிர்ந்து கெடக்கு. பாத்தா, அடியில துளையே இல்லை! நல்லவேளை, புது ராசா வர்றதுக்குள்ள கண்ணுல பட்டுச்சு. துளை போட ஆளை உக்கார வச்சுட்டுத்தான் வர்றேன்."

"வேணாம் சாமி! அதைத் தொடச் சொல்லாதீங்க! ஓடுங்க, நிறுத்துங்க!"

"காய்ச்சல்ல பெனாத்துறான்மா," என்று தெபெத்திடம் சொன்ன உசெர், அவள் உச்சியைப் பார்த்தான். என்றோ கேட்காததாக வைத்துக்கொண்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜாடியைப் போட்டுவிட்டுக் கோயிலை நோக்கி ஓடினான். கிழட்டுக் கால் எவ்வளவு ஓடும்?

கோயில் பக்கமிருந்து கல்லில் துளைக்கோல் சுழலும் சத்தம் வந்தது. கெனு எழப் பார்த்து விழுந்தான்.

தெபெத் பாயைக் கீழே வைத்தாள். "ஏய்யா, கொஞ்சம் தள்ளிப் படு. உன் மேல பட்டுறப் போகுது."

அவன் தள்ளிப் படுக்கவில்லை. தவழ்ந்து வந்து, அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் தலைக்கு மேல் தன் தலையை வைத்துக்கொண்டான்.

சத்தம் நின்றது.