பிரச்சாரத்தின் கடைசி நாளில் மாமாவை எடுத்தது

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் கம்பி எடை போடுகிறேன். நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவதாக நின்று கேட்பேன், வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் கூச்சம். எழுதினால் எதிரில் ஆள் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம் முடிகிற அன்று விடியற்காலையில் என் அக்கா புருஷன் இறந்துபோனார். ராயபுரத்தில் மாதா கோயிலுக்கு நாலு சந்து தள்ளி வீடு. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிடையர் ஆனவர். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மாமாவுக்கு ஒரு குணம். யார் கூப்பிட்டாலும் போவார். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் முன்வரிசையில் அவர் இருப்பார். துண்டு போட வந்தால் கழுத்தைக் காட்டுவார், கலரைப் பார்க்க மாட்டார். ஆறு மணிக் கூட்டத்துக்குத் தலைவர் ஒன்பதுக்கு மேல்தான் வருவார். அதுவரை மாமா உட்கார்ந்திருப்பார். அவருடைய பிரிவு உபசார விழாவில்கூட, மாலை போட வேண்டிய சங்கத் தலைவர் வராததால் பிரியாணி ஆறிப்போய், மாலை வாடிப்போய், கடைசியில் மாலையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அக்காவிடம் சொன்னாராம்: "பாதி ஆயுசு இவனுங்க வர்ற வரைக்கும் காத்துகினு இருந்ததுலயே பூடுச்சி. நான் செத்தா எவனுக்காகவும் என்னை நிக்க வெக்காத."

அவர் அக்காவிடம் கேட்டது அது ஒன்றுதான். காலையில் ஐஸ் பெட்டி வந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நாலு மணிப் பூசைக்கு எடுத்துடணும். பாதர்கிட்ட சொல்லிட்டேன். எவன் வந்தாலும் நிக்கக் கூடாது, இன்னா?"

தலையாட்டினேன். எவனாவது வந்து நிற்கச் சொன்னால் நிற்க முடியாது என்று சொல்ல வேண்டியவன் நான். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூட, விசில் கொடுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன்.

எட்டு மணிக்கெல்லாம் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் வந்தார். தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறவர். நாங்கள் கேட்காமலே சாமியானா போட்டு நாற்காலியும் இறக்கினார். "மாமா எங்க ஆளு. அண்ணன் நேர்ல வந்து மாலை போடுவாரு" என்றார். அண்ணன் என்றால் வேட்பாளர்.

அடுத்து எதிர்க்கட்சிக்காரர் வந்தார். மீன் ஏலம் எடுப்பவர். சாமியானாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. போன் போட்டு மேளக்காரர்களை வரவழைத்தார். "மாமா எங்க ஆளு. அண்ணன் வந்துகினே கீறாரு."

மூன்றாவது கட்சி புதிது. அதன் வட்டச் செயலாளர் செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர். சாமியானாவும் மேளமும் போய்விட்டதால் அவருக்கு மோர்ப் பாக்கெட்டுதான் மிச்சமிருந்தது. எல்லோருக்கும் கொடுத்தார். அவருடைய அண்ணனும் வருகிறார் என்றார். எண்ணூரிலிருந்து.

மாமா உயிரோடு இருந்தபோது வீட்டு வாசலில் சாக்கடை பொங்கியது. மூன்று பேரிடமும் போய்ச் சொன்னார். மூன்று பேரும் இது நம்ம ஏரியாவில் வராது என்றார்கள். செத்த பிறகு மூன்று பேர் ஏரியாவிலும் வந்துவிட்டார்.

நடுவில் தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்தது. சாமியானா, நாற்காலி, மேளம், மோர் எல்லாவற்றையும் ஒருவர் வீடியோ எடுத்தார். அதிகாரி இறங்கி, "இது எந்த வேட்பாளர் செலவு?" என்று கேட்டார்.

காலையிலிருந்து என் ஆள் என் ஆள் என்று சண்டை போட்ட மூன்று பேரும் ஒரே குரலில், "சார், இது சாவு வூடு சார்!" என்றார்கள். ஜீப் போகும் வரை மாமா எந்தக் கட்சியிலும் இல்லை. அந்தப் பத்து நிமிஷம்தான் வீட்டில் ஜெபமாலை ஒழுங்காகச் சொல்ல முடிந்தது.

மதியம் தாண்டியும் ஒரு அண்ணனும் வரவில்லை. வெயிலில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஐஸ் பெட்டி நின்றுவிடுமோ என்று அக்கா அதன் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு என்னைப் பார்த்தாள். நான் ஆளுங்கட்சிக்காரரிடம் போய்த் தொண்டையைச் செருமினேன்.

"இன்னா மச்சான், தண்ணி வேணுமா?" என்று கேன் தண்ணீரைக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "சவ வண்டியையாவது கூட்டிகினு வா" என்றாள். அவள் குரல் அடைத்திருந்தது. அழுகையால் இல்லை, காலையிலிருந்து மூன்று கட்சிக்கும் பதில் சொன்னதால்.

மெயின் ரோட்டில் வண்டியைக் கண்டுபிடித்தேன். பெரிய நெரிசல். ரயில்வே ஸ்டேஷன் அருகே எதிர்க்கட்சி வேட்பாளரின் திறந்த வேன் மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து முனையில் அவருக்கு வரவேற்பு. பத்தாயிரம் வாலா சரவெடியை ரோட்டில் நீளமாக விரித்து வைத்திருந்தார்கள். வெடிக்காரரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மோளம் கேட்டதும் பத்த வெச்சிடு நைனா. அண்ணன் வந்துட்டாருன்னு அர்த்தம்."

வண்டியோடு சந்துக்குத் திரும்பினேன். ஆளுங்கட்சிக்காரர் போனைக் காதில் வைத்தபடி என்னை மறித்தார்.

"மச்சான், வெளிய நெலவரம் இன்னா? யாரு வண்டினா தென்படுதா?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தந்திரம் எதுவும் இல்லை. கண்டதைச் சொன்னேன்.

"எதிர்க்கட்சி வேன் ஸ்டேஷன்கிட்ட வந்துடுச்சி."

அவர் போனை இறக்கினார். அவருடைய அண்ணன் அப்போது சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரிகளிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் கடைப் பையன்கள் மூலம் எனக்கே தெரியும். ஆளுங்கட்சிக்காரரின் முகம் ஒரு கணம் செத்துப்போய், மறுகணம் பக்தியால் நிறைந்தது.

"எடு எடு எடு! பாதர் காத்துகினு கீறாரு! சாவு வூட்ல இன்னா அரசியல்?"

மீன் ஏலக்காரர் பாய்ந்து வந்தார். "மாமு, அஞ்சே நிமிசம்! அண்ணன் தோ வந்துட்டாரு!"

"அஞ்சி நிமிசமா? காலைலேந்து ஒரு மனுசன் காய்றான், கண்ணு தெர்ல உனுக்கு?"

"நீதான மாமு காலைலேந்து இரு இருன்னே?"

"அது காலைல!"

இருவரும் செல்போன் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவருடைய அண்ணன் எண்ணூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டியிருந்தார். அவர் மோர்ப் பையைக் கீழே வைத்தார். "ஆண்டவர் காரியம். எடுத்துடலாம்" என்றார்.

தொகுதிப் பங்கீடு பேசாமல் அமைந்த கூட்டணி அது. ஆளுங்கட்சிக்காரரும் புதுக் கட்சிக்காரரும் சவப்பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். மாமாவின் சொந்தத் தம்பிக்கே இடம் கிடைக்கவில்லை. மீன் ஏலக்காரர், "சரி, மோளமாவது அடிங்கடா" என்று தான் அழைத்து வந்த மேளத்தை முன்னால் விட்டார். அவருடைய செலவு வீணாகக் கூடாது அல்லவா.

சந்து முனைக்கு நாங்கள் வரும்போதே மேளம் மெயின் ரோட்டுக்குக் கேட்டுவிட்டது. வெடிக்காரர் சொன்னபடி செய்தார்.

பத்தாயிரம் வாலா வெடிக்கிற சத்தத்தில் எதையும் நிறுத்த முடியாது. புகையில் யார் வருகிறார்கள் என்றும் தெரியாது. மாடியில் பூக் கூடையோடு மதியத்திலிருந்து காய்ந்துகொண்டிருந்த பெண்கள் கூடையைக் கவிழ்த்தார்கள். ரோஜா இதழ்கள் மாமா மேல் கொட்டின. "வருங்கால எம்.பி. வாழ்க! பெருவாரியான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெறச் செய்வீர்!" என்று மைக் அலறியது. புகை விலகியபோது கோஷம் போட்டவர்கள் சவ வண்டியைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

அந்த நேரத்தில்தான் வேட்பாளரின் வேன் எதிரே வந்தது. குறுகலான ரோடு. இரண்டும் போக முடியாது. பிணத்துக்கு ஒதுங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம், பிரதமரே வந்தாலும் டிரைவர் ஒதுங்கத்தான் செய்வார். வேன் பின்னால் போய் ஒரு டயர்க் கடையை ஒட்டி நின்றது. வேட்பாளர் மேலே நின்றபடி, வழக்கமாகக் கும்பிடும் அதே சிரிப்போடு கும்பிட்டார். பாதியில் சிரிப்பை மட்டும் நிறுத்தினார். கையில் இருந்த மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

வேட்பாளர் நின்றார். மாமா போனார்.

அக்கா வண்டிக்குப் பின்னால் என் பக்கத்தில் நடந்தாள். முந்தானையில் ஒட்டிய ரோஜா இதழைத் தட்டிவிடவில்லை.

"பாத்தியா, நிக்காம போறாரு" என்றாள்.

கோயில் வாசலில் நாங்கள் போய்ச் சேரும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. வட்டச் செயலாளர்கள் மூவரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஆறு மணிக்குப் பிரச்சாரம் முடிகிறது, மீதித் தெருக்கள் பாக்கி. பூசையில் எங்கள் ஆட்கள் மட்டும் இருந்தோம். பெட்டிக்குத் தோள் கொடுக்க மாமாவின் தம்பிக்கு இடம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது.

காசிமேட்டுக் கல்லறையில் கடைசி மண்ணைப் போடும்போது ஊரில் இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. காது ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கடல் சத்தம் என்று புரிந்தது.

மறுநாள் காலையில் ஆட்கள் வந்து சாமியானாவைப் பிரித்து, நாற்காலிகளை அடுக்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சாத்தாங்காட்டுக்கு வேலைக்குப் போனேன்.