வாசலில் மிதந்த செருப்புகள்

சில வருடங்களுக்கு முன், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. எங்கள் தேவாலயத்துக்கு வரும் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று புதிதாக வீடு வாங்கியிருந்தது. அன்று வீடு மந்திரிப்பு. சுவாமியார் வந்து செபம் சொல்லி ஆசீர்வதிப்பார், பிறகு விருந்து.

என் வேலை, ஆறுகளையும் ஓடைகளையும் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது. எவ்வளவு மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும், அடித்து வரும் மண் எங்கே படியும் என்று கணக்குப் போடுவோம். வெள்ளம் ஏறும் இடம் திரையில் நீலமாகத் தெரியும். அன்றுவரை எனக்கு அது வெறும் நிறம்தான்.

காலையிலிருந்து அடைமழை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்வேலிக்கு அப்பால் ஓடையைப் பார்த்துவிட்டேன். திக்கென்றது! அந்த மாதம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ஓடை. தெருவுக்கு அடியில் அது போகும் குழாயில் மண் சேர்ந்து வழி குறுகிக் கிடந்தது. மேட்டுத் தண்ணீர் வந்து சேர நேரமெடுக்கும், அதனால் மழை விட்ட பிறகுதான் ஓடை கரை தாண்டும் என்று கணக்குச் சொல்லியிருந்தது.

செபம் முடிய மழையும் விட்டது. எல்லோருக்கும் நிம்மதி, இனிமேல்தான் தண்ணீர் ஏறும் என்று எனக்கு மட்டும் தெரியும். மந்திரித்த அன்றே இந்த வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் வீட்டுக்கார அக்கா நிறைமாதம். தண்ணீர் ஏறிய பிறகு அவரை எப்படி வெளியே கொண்டுபோவது? மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

அக்காவின் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன தங்கச்சி, நல்ல நாளும் பெருநாளுமா இப்பிடிக் கதைக்கிறீர்? மழை விட்டிட்டுதெல்லோ. ஒருத்தரும் சாப்பிடாமப் போகேலாது!”

“கோவிக்காதேங்கோ அண்ணை. சாப்பாட்டையும் கொண்டு போவம். முதல்லை அக்காவைக் காரிலை ஏத்துங்கோ” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போவதென்றால் நீ போ என்பதுபோல அவர் வாசல் கதவைப் படாரென்று திறந்தார். படிக்குக் கீழே நாங்கள் கழற்றி வைத்த செருப்புகள் மெதுவாக மிதந்துகொண்டிருந்தன.

“ஐயோ மாதாவே! எல்லாரும் எழும்புங்கோ!” என்று கத்தினார் அண்ணை.

கணுக்கால் தண்ணீரில் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். நல்லகாலம், கார்களெல்லாம் மேட்டில் நின்றன. “சோத்த விட்டுட்டு வர முடியாதுலா” என்று பிரியாணிச் சட்டியோடு வந்தார் ஒரு மலேசியத் தமிழ் அன்ட்டி. அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டோம்.

நகரின் இன்னொரு பகுதியான மவுண்ட் ரோஸ்கில்லில் ஒருவர் வீட்டில் வெறுங்காலோடு போய் இறங்கினோம். சாப்பிடத் தொடங்கும்போது அண்ணையின் போனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் படம் அனுப்பினார். நாங்கள் விட்டுவந்த வீட்டின் ஜன்னல் வரை கலங்கல் தண்ணீர். அண்ணை அதை என்னிடம் காட்டினார். பிறகு தானே ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். “முதல்லை சாப்பிடும், தங்கச்சி” என்று அதை என் கையில் தந்தார். அடுத்த வாரம் அக்காவுக்குச் சுகப்பிரசவம்.

இன்றும் திரையில் ஒரு வீடு நீலமாக மாறும்போது, அதன் வாசலில் யார் யாருடைய செருப்புகள் கிடக்கும் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.