கலர் அப்படியே இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பி திருப்பாச்சூரிலிருந்து திருவள்ளூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இரண்டாவது கியரைத் தாண்டாமலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, அதுவும் பழைய வண்டி. சக்கரத்துக்குள் சிவப்பாகத் தெரிந்த ப்ரேக் காலிப்பரைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினான். அந்தச் சிவப்புதான் இப்போது அவனைப் பயமுறுத்தியது.

"ப்ரேக்கு உரிஞ்சிக்கினு வருதுக்கா. மொத்தமா மாத்தணும்ன்றான் மெக்கானிக்கு."

குந்திப் பார்த்தேன். கையில் காய்ந்த கோந்து உரிவதுபோலக் கண்ணாடி மாதிரி ஒரு தோல் எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். தோல் வந்தது, சிவப்பு வரவில்லை. ப்ரேக்கைப் பிடிக்கிற காலிப்பருக்கு ஒன்றும் இல்லை, அழகுக்குக் கலர் மேலே அடித்த நிறமில்லாத கிளியர் கோட்தான் உரிகிறது என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் டீ கேட்டான்.

கடைக்குப் போய் உப்புத்தாளும் தின்னரும் சிவப்பு பெயின்ட்டும் கிளியரும் வாங்கி வந்தான். தின்னர் டப்பாவைத் திறந்ததும் எனக்கு வேறு ஊர் வந்துவிட்டது. தின்னர் வாசனை பிடிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் இருபது வயதில் தினமும் எட்டு மணி நேரம் முகர்ந்தது மூக்கை விட்டு எங்கே போகும்?

அப்போது நாங்கள் பொன்னேரியில் இருந்தோம். ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் அடிக்கும் கம்பெனிக்குப் போவேன். காலிப்பர்களைத் தின்னர் துணியால் துடைத்துக் கொக்கியில் மாட்டுவது எங்கள் வேலை. பிறகு அவற்றுக்குக் கலர் அடிப்பார்கள், அதன்மேல் கிளியர். எனக்குப் பக்கத்தில் ஈஸ்வரி. ஆரம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பாவை நைனா என்பாள். கொடுத்த கையுறை ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். அவளுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். தைலப் புட்டி ஒன்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பிட்டதும் தடவிக்கொள்வாள்.

ஒரு நாள் ஒரு லாரி காலிப்பர் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் கிளியர் ஏடு ஏடாக உரிந்திருந்தது. சூப்பர்வைசர் எங்கள் பைகளைத் துழாவி, ஈஸ்வரி பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்தார். எண்ணெய்க் கையோடு தொட்டால் பெயின்ட் எப்படி நிற்கும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் வாய் ரயிலில் மூன்று பெட்டிக்குக் கேட்கும். அன்று மட்டும் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஏற்கனவே துடைத்த கொக்கிகள்.

மறுநாள் காலையில் போய், புட்டி என்னுடையது, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் நீயும் கிளம்பு என்றார். தன் செருப்பையும் சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துப்போக வந்திருந்த ஈஸ்வரி, ஓரத்தில் குவிந்திருந்த காலிப்பரில் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"கலரு அடிக்கறதுக்கு மின்ன வெறும் இரும்ப தொடறவங்க நாங்க. எங்க கையில எண்ண இருந்தா கலரும்தான சார் உரியணும்? கலரு அப்டியே கீதே."

கிளியர் அடிக்கும் பெயின்டர் முகமூடியைக் கழற்றினார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"கரன்ட் போன அன்னிக்கு கலரோட நின்னுபோன பீசு சார். ரெண்டு நாள் காஞ்சி கெட்டியாய்டுச்சு. தேய்க்காம மேலயே கிளியர் அடிச்சிட்டேன். வண்டி நிக்குது, அடின்னு நீங்கதான சொன்னீங்க."

சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போய் வேலையைப் பாருங்கள் என்றார். அதுவே போதுமாக இருந்தது. மத்தியானம் என் எலுமிச்சைச் சோற்றை ஈஸ்வரியே காலி செய்தாள். நான் தடுக்கவில்லை. வந்த லாரி முழுவதையும் உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மாட்ட எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்திலேயே புதுக் கையுறையும் வந்தது.

தம்பி வண்டிக்கும் அதே வைத்தியம்தான். சக்கரத்தைக் கழற்றி, எழும்பிய தோலை மிச்சமில்லாமல் உரித்து, வழவழப்புப் போகிற வரை தேய்த்துத் துடைத்தோம். ப்ரேக்கின் ரப்பரையும் சுழலும் இரும்புத் தட்டையும் காகிதத்தால் மூடிவிட்டுச் சிவப்பு அடித்தான். அது முழுக்கக் காய்ந்து இறுகும் முன்பே கிளியர் அடிக்கச் சொன்னேன். இடையில் போன் பேசப் போனவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். மறுநாள் சாயங்காலம் நாலாவது கியரில் போனான்.

அந்தக் கம்பெனியை மூடி வெகு காலமாகிறது. கேட்டில் இப்போது வேறு பெயர். ஈஸ்வரி கல்யாணமாகி சூளூர்பேட்டைப் பக்கம் போனாள். அப்போது எங்கள் இருவரிடமும் போன் இல்லை. கும்மிடிப்பூண்டியில் வேலைக்கு வரும் பெண்களை இப்போது வேன் வாசலிலேயே இறக்கி, வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறதாம். நல்லதுதான், வெயிலும் லாரிப் புழுதியும் மிச்சம். ஆனால் வேலை போகவில்லை என்று தெரிந்த அந்தச் சாயங்காலம், கம்பெனியிலிருந்து ஸ்டேஷன் வரை நானும் ஈஸ்வரியும் ரோட்டையே அடைத்துக்கொண்டு சிரித்தபடி நடந்தோம். நான் விட்டது இரண்டு ரயில், அவள் விட்டது மூன்று பஸ். அப்படி நடந்துபோக அந்த ரோட்டில் இப்போது யாரும் இல்லை.