மேசை போனில் சொல்லுங்க, சார்

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு கோபமே வராமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வரும்.

அது ஒரு பெரிய முதலீட்டு வங்கியின் வட்டார அலுவலகம். சொந்தக்காரர்கள் பேரைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். ஒரு சித்தப்பா, தனக்கு ஒரு பாஸ்புக் போட்டுத் தரச் சொல்லி வருடக்கணக்காக நச்சரிக்கிறார். அங்கே பாஸ்புக்கும் கிடையாது, கவுன்ட்டரும் கிடையாது என்றால், அப்புறம் என்ன பேங்க் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தலைமை அலுவலகம் வேறு தேசத்தில் இருக்கிறது. அங்கே கோட்டு போட்டவர்கள் போனில் பேசி வியாபாரம் முடிப்பார்கள். அவர்கள் அவசரத்தில் தப்பும் தவறுமாகப் பதிந்து வைத்ததை, எதிர்த்தரப்பு வங்கியிடம் கேட்டுச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது மிளகாயின் பிரிவு. அவர்கள் சிந்துவதை இவர்கள் துடைக்க வேண்டும். அங்கே விடியும்போது இங்கே பகல் சாய்ந்திருக்கும். அவர்கள் பண்டிகைக்கு இவர்களுக்கும் விடுமுறை. இவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மேலாளரிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். என்ன நியாயமோ!

ஒவ்வொரு மேசையிலும் ஒரு கறுப்பு போன் உண்டு. அதில் பேசும் பேச்செல்லாம் பதிவாகும். வியாபாரத்தில் யாரும் பின்னால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பல்டி அடிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. மேலாளராலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது. கண்காணிப்புப் பிரிவு என்று மேல் மாடியில் ஒரு கூட்டம் உட்கார்ந்து அதைக் கேட்கும். அதனால் நல்ல பேச்செல்லாம் மேசை போனில், மற்றதெல்லாம் படிக்கட்டுப் பக்கம் போய்ச் செல்போனில். யாராவது செல்போனோடு படிக்கட்டுக் கதவைத் தள்ளினால், ஏதோ அசிங்கம் நடக்கப்போகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஆளாளுக்குத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு ஏற்பாடு, கட்டாய விடுப்பு. வருடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் வேலையைத் தொடாமல் வீட்டில் இருக்க வேண்டும். அக்கறையால் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் ஏதாவது திருட்டுத்தனத்தை மூடி வைத்திருந்தால், அவர் இல்லாத நாட்களில் அது தானே வெளியே வரும் என்ற சந்தேகத்தில் கொடுப்பது. அந்த இரண்டு வாரமும் அவருடைய பாஸ்வேர்டு செத்துக் கிடக்கும். மீறி வேலையைத் தொட்டவன் திருடன் என்றுதான் அங்கே அர்த்தம்.

அப்படித் திருடனாக்கப்பட்டவன் கண்ணாடி. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட அந்தப் பையன் மிளகாய்க்கு அடுத்த மேசை. அவளை அக்கா, அக்கா என்று சுற்றி வருவான். போன வருடம் அவன் கட்டாய விடுப்பில் இருந்தபோது மேலாளர் செல்போனில் கூப்பிட்டார். மேலாளருக்குப் பஞ்சு என்று பெயர். கழுத்தை அறுக்கும்போதுகூடக் குரல் அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஒரு வியாபாரத்துக்கு அவசரமாக ஒப்புதல் வேண்டும், என் பாஸ்வேர்டைத் தருகிறேன், எழுதிக்கொள் என்றார். அவனும் எழுதிக்கொண்டு, வீட்டிலிருந்தே செய்து கொடுத்தான். தணிக்கையில் அது மாட்டியது. பஞ்சு கை கழுவிவிட்டார். "போன் பண்ணினது உண்மைதான். குழந்தைக்குக் காய்ச்சல்னான், விசாரிச்சேன். பாஸ்வேர்டை எட்டிப் பார்த்துத் திருடியிருக்கான், பாவம், நல்ல பையன்னு நம்பினேன்."

மிளகாய் விசாரணைக்குத் தானாகப் போய், நடந்ததைப் பையன் தன்னிடம் சொன்னபடியே சொன்னாள். "நீங்க காதால கேட்டீங்களா? பதிவு இருக்கா?" என்றார்கள். இரண்டுக்கும் இல்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. கண்ணாடி ஓர் அட்டைப்பெட்டியோடு லிஃப்டுக்குப் போனபோது பக்கத்தில் ஒரு காவலாளி நடந்தான். திருடனுக்குக் காவல்! அன்று எரிந்த வயிறு அவளுக்கு இன்னும் அணையவில்லை.

இந்த வருடம் அவளுடைய முறை. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கால் முறிந்து கட்டுப் போட்டு நாற்காலியில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பு வசதியாக அமைந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது.

"மேடம், எப்படி இருக்கீங்க? வீட்டுக்காரர் கால் எப்படி இருக்கு?"

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன உதவி. தலைமை ஆபீஸ்ல ஒரு டீலை வேற பேங்க் பேர்ல போட்டுத் தொலைச்சிட்டாங்க. அவங்க முழிச்சுக்கிறதுக்குள்ள சரி பண்ணணும். இங்க இருக்கிறவங்களுக்கு அதோட தலையும் தெரியல, வாலும் தெரியல."

"நான் கட்டாய லீவுல இருக்கேன் சார்."

"தெரியும், தெரியும். அதனாலதான் என் பாஸ்வேர்டையே தர்றேன். எழுதிக்கோங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் நல்லதில்லை என்று தோன்றியது. ஒரு ஆளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அதே வாயால், அதே சொல்லை, கூச்சமே இல்லாமல்!

"சார், ஒண்ணு பண்ணுங்க. மேசை போன்லருந்து கூப்பிட்டு இதையே சொல்லுங்க. உடனே செஞ்சு தர்றேன்."

அந்தப் பக்கம், படிக்கட்டில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்குவது கேட்டது.

"என்ன மேடம் இது, நமக்குள்ள..."

"நமக்குள்ள என்ன சார் இருக்கு?"

"இல்ல, வருஷ மதிப்பீடு வருது. வீட்ல இப்போ உங்க சம்பளம் மட்டும்தான்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுக்கோங்க." வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "செஞ்சு குடுத்துட்டாத்தான் என்ன? இந்த வேலையும் போச்சுன்னா நாம என்ன பண்றது?"

"உங்களை பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா?"

"ஓட்டச் சொன்னாங்க."

"ஓட்டுனீங்களா?"

அவர் தன் காலைப் பார்த்தார். "அதனாலதானே இப்படி உட்கார்ந்திருக்கேன். வண்டி நல்ல வண்டிதான், டிரைவர்தான் சரியில்லைன்னு எழுதிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் வெங்காயத்துக்குத் திரும்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது, நன்றாகவே இருந்தது. மறுபடியும் போன் அடித்தது. இந்த முறை அலுவலக எண்.

"வணக்கம் மேடம். ஆபீஸ் போன்லருந்து பேசுறேன்." மேடையில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "நீங்க கட்டாய விடுப்புல இருக்கீங்க. ஆபீஸ் வேலை எதையும் தொடக் கூடாது. உங்ககிட்ட இங்க யாரும் வேலை கேட்கல, கேட்கவும் மாட்டாங்க. வீட்டுக்காரரை நல்லாப் பார்த்துக்கோங்க. சரிதானே?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் முன்கூட்டியே பூசி மெழுகுகிறார். நாளைக்கு விசாரணை வந்தால் இந்தப் பதிவைப் போட்டுக்காட்டி நல்லவராகிவிடுவார். ஆனால் அந்த போன் அவர் பேச்சை மட்டுமல்ல, அவள் பேச்சையும் பதியும் என்பதை அந்தப் பெரிய மூளை மறந்துவிட்டது.

"சார், வச்சுடாதீங்க. மேல் மாடியில இதைக் கேட்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்ச நேரம் முன்னாடி இவர் செல்போன்ல கூப்பிட்டு, தன்னோட பாஸ்வேர்டை எழுதிக்கச் சொன்னார். தலைமை ஆபீஸ் டீல் ஒண்ணு வேற பேங்க் பேர்ல கெடக்கு. தேடிப் பாருங்க, இருக்கும். பாஸ்வேர்டு செத்து வீட்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு இவர்கிட்டயே கேளுங்க. போன வருஷமும் இதையேதான் பண்ணினார்." கண்ணாடியின் முழுப்பேரையும், அவன் தகப்பனார் பேரையும் சேர்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அவன் திருடன் இல்ல."

"மேடம்! மேடம்! இந்த லைன்ல போய் இதையெல்லாம் பேசுறீங்களே!" பஞ்சு கத்தியதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அதுவும் பதிவாகியிருக்கும். லைன் கட்டானது.

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு வேலை இருக்குமா, மேல் மாடிக்காரர்கள் கேட்பார்களா, கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார்களா, ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்காமல் கண்ணாடிக்குப் போன் போட்டாள். அவன் இப்போது மச்சான் நடத்தும் பெயின்ட் கடையில் நிற்கிறான்.

"தம்பி, அக்கா பேசுறேன். அந்த ஆள் எனக்கும் அதே மாதிரி பண்ணினான்டா. உன் பேரைச் சொல்லி எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டேன். நீ திருடன் இல்லைன்னு சொல்லிட்டேன்."

கடையில் யாரோ வெள்ளை டப்பா கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருங்க என்று அவன் அவர்களிடம் சொல்வது கேட்டது.

"எந்த போன்லக்கா?"

"மேசை போன்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா," என்றான்.