முதற்காட்சி மீண்டும் வந்தபோது

முதலாகவும் முடிவாகவும் நின்றருளும் பெருமான் திருவடி போற்றி. வளர்பிறைப் பிரதோஷமாகிய இந்நன்னாளில் இதை எழுதுகிறேன்.

என் மகள் பிரான்சில் திரைப்படம் எடுப்பவள். அவளுடைய முதற்படம், அந்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் மீன் விற்கும் பெண்ணின் ஒரு நாளைச் சொல்வது. விடியலில் அவள் கடைக்கதவைத் திறக்கும் காட்சியில் தொடங்கி, அதே காட்சியில் நிறைகிறது. அங்குள்ள விமர்சகர்கள் மற்றதையெல்லாம் பாராட்டினார்கள், முடிவைத்தான் பொறுக்கவில்லை. முடிக்கத் தெரியாதவர் எடுத்த படம் என்றார் ஒருவர். படம் மறுபடி ஓடுகிறதென்று எண்ணி அரங்கமே எழுந்து போனதாக எழுதினார் இன்னொருவர். அக்காட்சியை நீக்கினால்தான் வேறு நகரங்களில் திரையிட முடியும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

விடுமுறைக்குக் காரைக்கால் வந்தவள், "வெட்டிடலாம்னு இருக்கேன்பா," என்றாள்.

"நாங்க ஒரு தடவ பாத்துக்கிறோம்மா. அப்புறம் வெட்டு," என்றேன்.

சென்ற பிரதோஷத்தன்று எங்கள் வீட்டில் அந்தாதி ஓதினோம். அதன் கடைசிப் பாட்டு முதற்பாட்டிலேயே சென்று சேரும். ஆகவே ஓதி முடித்ததும் முதற்பாட்டை மீண்டும் எடுப்போம். எடுத்தவுடன் அனைவரும் எழுந்து கைகூப்ப, கற்பூரம் ஏற்றப்படும். அன்றும் அவ்வாறே நிறைவுற்றபின், சுண்டலோடு எல்லோரும் அமர, மகள் தொலைக்காட்சியில் படத்தைப் போட்டாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனர்தாம் மொழிபெயர்ப்பாளர்.

"அந்தப் பொம்பள என்ன சொல்றா?" என்று கேட்டார் பூவத்திலிருந்து வந்திருந்த என் அக்கா.

"மழ வருதாம்."

"இம்புட்டு நேரம் பேசுனது மழைக்கா? நீங்க பாதிய முழுங்குறீங்க!"

இறுதியில் அந்தக் கடைக்கதவு மீண்டும் திறந்தது. யாரும் சொல்லாமலே கூடம் முழுவதும் எழுந்து கைகூப்பியது. நானும் எழுந்திருந்தேன். அக்கா, "கற்பூரத் தட்டு எங்கடி?" என்று தேடவே தொடங்கிவிட்டார்.

மகள் திகைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அங்கயும் இதே எடத்துலதான் எல்லாரும் எழுந்தாங்கப்பா. எழுந்து போயிட்டாங்க."

"நாங்க போவலியே!" என்றார் மைத்துனர்.

மறுநாள் காலை தயாரிப்பாளரை அழைத்து, முடிவு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இப்போது படம் ஒரேயொரு சிறிய அரங்கில் மட்டும் ஓடுகிறது. அவளுக்கு அதில் குறையில்லை, எனக்கும் இல்லை.

இதைப் படிப்போர் தொடங்கும் நற்செயல்கள் யாவும் இனிதே நிறைவுற்று, மீண்டும் மங்கலமாய்த் தொடங்குக.